செம்மஞ்சள் விளக்கு

மோட்டார் வண்டி வைத்திருப்போரில் இரு சாரார் உளர். எஞ்சின் விளக்கு எரியக் கண்டதும் வீதியோரத்தில் வண்டியை நிறுத்தி, மனைவியின் தமையன் முதல் ஊரிலுள்ள மெக்கானிக் வரை எல்லாருக்கும் தொலைபேசியில் அறிவித்து, பிள்ளைகளை இறக்கி மரநிழலில் இருத்திவிடுபவர் ஒரு சாரார். "அது அப்படித்தான் எரியும், எங்கள் வண்டியில் இரண்டு வருஷமாய் எரிகிறது, ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்லி, அது தெரியாதபடி கண்ணாடியின்மேல் ஒரு பிள்ளையார் படத்தை ஒட்டிவிட்டுப் பிரயாணத்தைத் தொடருபவர் மற்றைச் சாரார். முன்னவருக்கு அவ்விளக்கு யமதூதன். பின்னவருக்கு அது வெறும் அலங்காரம். அது சொல்ல வந்த சேதி யாது என்று நின்று கேட்பவரோ மிகச் சிலர்.

கேளாமைக்கு வண்டி செய்வோரும் ஓரளவு காரணராவர். மற்றைய விளக்குகள் தம் கருத்தை மறைப்பதில்லை. எண்ணெய்க் குடுவையின் வடிவிற் சிவப்பாய் எரிவது, எஞ்சினுக்குள் எண்ணெயின் அழுத்தம் குன்றிவிட்டது என்று கூறுகின்றது. வெப்பமானியின் வடிவிற் சிவப்பாய் எரிவது, எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடேறிவிட்டது என்று கூறுகின்றது. இரண்டுக்கும் விதி ஒன்றே: ஆபத்தில்லாத இடத்தில் உடனே நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். ஆனால், எஞ்சினின் வெளிவரையைக் காட்டிச் செம்மஞ்சள் நிறத்தில் எரியும் இவ்விளக்கு மாத்திரம், "எஞ்சினைப் பார்" என்று பொதுப்படக் கூறிவிட்டு மௌனம் சாதிக்கின்றது. எதைப் பார்ப்பது? எஞ்சினில் நூற்றுக்கணக்கான உறுப்புகள் உள. "உமக்கு உடம்பு சரியில்லைப் போலத் தெரிகிறது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போகும் உறவினரை ஒத்தது இது.

இவ்விளக்கின் பொருளை நான் ஆராய நேர்ந்தது என் தமக்கையின் மகனால். அவனுடைய கதையைச் சற்றுப் பின்னர்ச் சொல்வேன். அது விளங்குவதற்கு, இவ்விளக்கு யாருக்காக ஏற்றப்பட்டது என்பதை வாசகர் முதலில் அறிதல் வேண்டும். அது வண்டிக்காரனுக்காக ஏற்றப்பட்டதன்று.

யாழ்ப்பாணத்து வீதிகளில் ஒஸ்ரின் ஏ-40 வண்டிகளும் மொறிஸ் மைனர்களும் நெடுங்காலம் வாடகைக்கு ஓடின. அவற்றுட் பெரும்பாலானவை 1940 களின் கடைசியிலும் 1950 களிலும் இங்கிலாந்திற் செய்யப்பட்டவை. எண்ணெய் அழுத்தத்தையும் பற்றறிக்கு மின்னேறுவதையும் காட்டும் ஒன்றிரண்டு மானிகளையோ விளக்குகளையோ தவிர, எஞ்சினின் நலத்தைத் தெரிவிக்கும் கருவி எதுவும் அவற்றில் இல்லை. சாரதியின் காதும் மூக்கும் உள்ளங்காலுமே கருவிகள். 1990 களில், பொருளாதாரத் தடை காரணமாய்ப் பெற்றோல் எளிதிற் கிட்டாதிருந்த காலத்தில், இவ்வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலைக் கொண்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின்களாதலால், இருமியும் செருமியும் அவை அதை ஏற்றுக்கொண்டன. அக்காலத்தில் அவ்வண்டிகளுக்குப் பின்னே மிதிவண்டியிற் சென்ற எவரும் அந்தப் புகையை மறந்திருக்கமாட்டார்கள். கண் எரியும்; தொண்டை கரகரக்கும்; வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் அதிலும் மண்ணெண்ணெய் மணக்கும். சரிவர எரியாத எரிபொருள் என்பதன் பொருளை நாங்கள் புத்தகத்திற் படித்து அறிந்தவர்களல்லர். வண்டிக்குள் இருந்தவருக்கோ அத்துன்பம் அவ்வளவாய்த் தெரியாது. வண்டி முன்னே போகின்றது. புகை பின்னே நிற்கின்றது.

இதே உண்மையை ஒரு நகரம் முழுவதும் கண்கலங்கி அறிந்துகொண்ட இடம் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ். 1943 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஒருநாள், அந்நகரத்தைப் பழுப்பு நிறமான ஒரு மூட்டம் சூழ்ந்தது. மக்களுக்குக் கண்ணில் நீர் வடிந்தது, மூச்சு முட்டியது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலமாதலால், யப்பானியர் நச்சுப்புகை வீசிவிட்டனரோ என்று அஞ்சியோரும் உண்டு. செயற்கை ரப்பருக்கு மூலப்பொருள் செய்த ஒரு தொழிற்சாலையின்மீது பழி விழுந்தது. அதை மூடிப் பார்த்தார்கள்; மூட்டம் நீங்கவில்லை. மேலும் பல ஆண்டுகள் அந்நகரத்தார் குற்றவாளியைத் தேடிக்கொண்டிருந்தனர். குற்றவாளியோ ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் பளபளவென்று கழுவித் துடைக்கப்பட்டு நின்றது.

அதைக் கண்டுபிடித்தவர் ஹேகன்-ஸ்மித் என்ற இரசாயனப் பேராசிரியர். ஒல்லாந்திற் பிறந்து, கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்திற் பணியாற்றிய அவர், அன்னாசிப் பழத்தின் வாசனைக்குக் காரணமான பொருள்கள் எவை என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். பழத்தின் மணத்தைக் குளிரவைத்துத் திரவமாக்கிய அதே முறையால் நகரத்தின் காற்றையும் பிடித்துப் பார்த்தார். மோட்டார் வண்டிகளும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் வெளிவிடும் எரியாத ஐதரோக்காபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் வெயில் பட்டதும் ஒன்றோடொன்று தாக்கம் புரிந்து ஓசோன் என்னும் கொடிய வாயுவை உண்டாக்குகின்றன என்று 1950 களின் தொடக்கத்தில் அவர் நிறுவினார். அந்நகரத்தில் ரயர்கள் மற்றைய இடங்களை விட விரைவில் வெடிப்புக் கண்டதற்கும் இதுவே காரணம். ஓசோன் ரப்பரைத் தின்னும். வண்டி செய்வோர் இதை எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? கலிபோர்னியா மாகாணம் 1960 களின் பிற்பகுதியில் வளியின் தூய்மையைக் காப்பதற்கென ஒரு சபையை அமைத்தபோது, அதன் முதலாவது தலைவர் அன்னாசிப் பேராசிரியரே.

பின்னர் 1970 இல் அமெரிக்கா முழுமைக்குமான தூய வளிச் சட்டம் வந்தது. 1975 ஆம் ஆண்டுக்கான வண்டிகள் முதலாக, புகைக்குழாயின் நடுவே ஒரு புதிய பாத்திரம் தோன்றியது. ஊக்கி மாற்றி என்று பாடநூல்களும் கொன்வேட்டர் என்று மெக்கானிக்குகளும் கூறுவது இதனையே. தேன்கூடு போன்ற மட்பாண்ட உட்கூட்டின்மேல் பிளாற்றினம், பலேடியம், றோடியம் ஆகிய அருமையான உலோகங்கள் மெல்லெனப் பூசப்பட்டிருக்கும். சூடேறிய நிலையில், நச்சுத்தன்மையுள்ள காபனோரொட்சைட்டையும் எரியாத ஐதரோக்காபனையும் காபனீரொட்சைட்டாகவும் நீராவியாகவும் மாற்றும் வல்லமை இவற்றுக்கு உண்டு. பிற்பாடு வந்தவை நைதரசன் ஒட்சைட்டுகளையும் வெறும் நைதரசனாக்கின. ஈயம் பட்டால் இவ்வூக்கி செத்துவிடும். ஈயம் கலந்த பெற்றோல் ஒழிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இலங்கையில் அது 2002 இல் நிறுத்தப்பட்டது.

ஆயினும் ஒரு சங்கடம் எஞ்சியது. கடையிலிருந்து வரும் நாளில் வண்டி தூய்மையானதுதான். ஐந்து வருஷம் ஓடியபின்? ஊக்கி செத்தாலும் வண்டி ஓடும். வேகம் குறையாது; சத்தமும் மாறாது. சாரதிக்கு ஒன்றும் தெரியாது. வழியிற் போவோருக்கே தெரியும். அவர்கள் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆகவே, வண்டி தன்னைத் தானே சோதித்து, தவறு கண்டால் ஒரு விளக்கை ஏற்றவேண்டும் என்று கலிபோர்னியா 1988 ஆம் ஆண்டின் வண்டிகள் முதலாக விதித்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள் யாவற்றுக்கும், 2001 முதல் ஐரோப்பாவிற் புதிய பெற்றோல் கார்களுக்கும் இது விரிவான பொது விதியாயிற்று. உலகச் சந்தைக்கு வண்டி செய்வோர் யாவரும் இம்முறையைத் தழுவினர். நம் நாட்டுக்கு வரும் யப்பானிய வண்டிகளிலும் அதைக் காணலாம். வெளியேறும் நச்சுப் பொருள்கள் சட்டம் அனுமதிக்கும் அளவின் 1½ மடங்கைத் தாண்டக்கூடிய பழுது எது நேர்ந்தாலும் விளக்கு எரியவேண்டும் என்பதே அமெரிக்க விதியின் பொதுவான சாரம். மின்கம்பத்து விளக்கு யார் காசில் எரிந்தாலும் வீதியில் நடப்பவருக்கே வெளிச்சம் தருவதுபோல, இதுவும் பின்னே வருபவருக்காகவே வண்டிக்குள் வைக்கப்பட்டது.

இனி, வண்டி தன்னைத் தானே எவ்வாறு சோதிக்கின்றது என்பதைப் பார்ப்போம். மாணவர்கள் இப்பகுதியைச் சற்றுப் பொறுமையோடு வாசிப்பார்களாக. விறகடுப்பில் காற்றுக் குறைந்தாற் புகைகின்றது. கூடினால் விறகு வீணாய்ப் போகின்றது. எஞ்சினுக்குள்ளும் அத்தகைய ஓர் அளவு உண்டு. ஒரு கிலோகிராம் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். இவ்வளவு பிசகாதிருந்தாலே கொன்வேட்டர் தன் மூன்று தொழில்களையும் ஒருங்கே செய்யும். ஆதலால் புகைக்குழாயில், கொன்வேட்டருக்கு முன்னே, ஒட்சிசனை உணரும் ஒரு சென்சர் பொருத்தப்பட்டிருக்கின்றது. வெளிக்காற்றிலுள்ள ஒட்சிசனுக்கும் புகையிலுள்ள ஒட்சிசனுக்கும் உள்ள வேறுபாட்டால் அதில் ஒரு சிறு மின்னழுத்தம் பிறக்கும். பெற்றோல் மிகுந்தால் ஏறக்குறைய 0.9 வோல்ற்று, காற்று மிகுந்தால் ஏறக்குறைய 0.1 வோல்ற்று. இதைப் பார்த்துப் பார்த்துக் கணினி பெற்றோலைக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கின்றது. சமையற்காரி உப்புப் பார்ப்பதைப் போல் இது ஓயாமல் நடந்துகொண்டேயிருக்கும். புதிய வண்டிகள் பலவற்றில் முன்னுள்ள சென்சர் இதனினும் நுட்பமானது. எனினும் வேலை அதுவே.

கொன்வேட்டருக்குப் பின்னேயும் ஒரு சென்சர் உண்டு. அது காவற்காரன். நல்ல கொன்வேட்டர் ஒட்சிசனைத் தன்னுள் வாங்கிச் சேமித்து, வேண்டியபோது வெளிவிடும் தன்மையது. அதனால் முன்னே ஏறியிறங்கும் அலை பின்னே அடங்கிவிடும். பின்னுள்ள சென்சரின் கோடு குளத்து நீர்போல் அமைதியாக இருந்தால் ஊக்கிக்கு உயிர் இருக்கின்றது என்பது பொருள். அங்கும் அலை அடித்தால், ஊக்கி இறந்துவிட்டதோ என்று கணினி ஐயுறுகின்றது. ஐயுறுகின்றது என்று நான் வேண்டுமென்றே எழுதுகின்றேன். கொன்வேட்டரை உடைத்துப் பார்க்கக் கணினிக்குக் கை இல்லை. அது கண்டது பின்னே அலை அடிப்பதை மாத்திரமே.

இப்போது என் மருமகனின் கதைக்கு வருகின்றேன். அவன் சிறியதொரு யப்பானியக் காரைத் தவணைமுறையில் வாங்கி வாடகைக்கு ஓட்டுபவன். யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஆள்களை ஏற்றிச் செல்வதும் ஏற்றி வருவதுமே பெரும்பாலும் அவன் தொழில். இரண்டு பெண் பிள்ளைகள். வீட்டில் வேறு வருமானம் இல்லை. ஒருநாள், புளியங்குளத்தைத் தாண்டிச் செல்கையில் அவ்விளக்கு எரிந்தது. வண்டியில் வேறு குறை தோன்றாமையால், பிரயாணிகளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, கொழும்புக்கு அண்மையில் ஒரு கராஜுக்குப் போயிருக்கின்றான். அங்கே ஸ்கானர் என்னும் சிறு கருவியை வண்டியிற் கொளுவினார்கள். அதில் "பி 0420" என்று வந்தது. "கொன்வேட்டர் முடிந்துவிட்டது, மாற்ற வேண்டும்" என்றார்கள். கேட்ட விலை அவனுடைய நான்கு மாதத் தவணைக்குச் சமம். பழைய கொன்வேட்டரை அங்கேயே விட்டுச் செல்வதானால் ஒரு சிறு தொகையைக் கழித்துக்கொள்வதாகவும் சொன்னார்கள்.

"மாமா, இருக்கிற சங்கிலியை அடகு வைக்கத்தான் வேணும் போல" என்று அவன் தொலைபேசியிற் சொன்னபோது, முடிவைச் சொல்லாமல் வண்டியை ஊருக்குக் கொண்டுவரும்படி கூறினேன். பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்த எனக்கு மோட்டார் வித்தை தெரியாது; ஆனால், அனுமானத்தை முடிவு என்று விற்பவரைக் கண்டால் ஐயுறப் பழகியிருந்தேன். அன்றியும், பழையதை அவர்கள் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. செத்த கொன்வேட்டரிலும் பிளாற்றினமும் பலேடியமும் றோடியமும் சாகாமல் இருக்கின்றன. அவற்றை வாங்குவதற்கென்றே வியாபாரிகள் திரிகின்றார்கள்.

"பி 0420" என்பது ஓர் உறுப்பின் பெயரன்று. இக்குறியீடுகளுக்கு ஓர் இலக்கணம் உண்டு. முதலெழுத்து, பழுது எஞ்சினையும் அதன் ஆற்றலைச் சில்லுகளுக்குக் கொண்டுசெல்லும் பகுதியையும் சார்ந்தது என்பதைக் காட்டும். அடுத்த சுழியம், இது எல்லா வண்டிகளுக்கும் பொதுவான குறியீடு என்பதைக் காட்டும். அவ்விடத்தில் 1 வந்தால் அது பெரும்பாலும் அவ்வக் கம்பனியின் சொந்தக் குறியீடு. அதற்கடுத்த இலக்கம் பகுதியைக் காட்டும்: 1 உம் 2 உம் காற்றும் எரிபொருளும் சேரும் அளவு, 3 பற்றவைப்பு, 4 புகையைத் தூய்மையாக்கும் ஏற்பாடுகள். ஆகவே 0301 என்றால் முதலாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை; 0171 என்றால் கலவையிற் காற்று மிகுந்திருக்கின்றது. 0420 இன் பொருள், "ஊக்கியின் திறன் எல்லைக்குக் கீழே இருப்பதாகத் தோன்றுகின்றது" என்பதே. காய்ச்சல் 102 பாகை என்று வெப்பமானி காட்டினால் அது மலேரியாவா, நெருப்புக் காய்ச்சலா என்று சொல்வதில்லை. வெப்பமானியைப் பார்த்த உடனே சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கும் வைத்தியரிடம் நாம் போவோமா?

எங்கள் ஊரில் எழுபது வயதைக் கடந்த ஒரு மெக்கானிக் இருக்கின்றார். தடைக் காலத்தில் எத்தனையோ வண்டிகளை மண்ணெண்ணெய்க்குப் பழக்கியவர். ஸ்கானர் பேரனுடையது, அவர் அதைத் தொடுவதில்லை. நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "தம்பி, வண்டியை இரவைக்கு இங்கை விடு. விடியத்தான் பாக்கவேணும்" என்றார். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டுமாம். சூட்டில் உலோகம் விரிந்து சிறு இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும் என்பதை அவர் எந்தப் பௌதிகப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

மறுநாட் காலை நானும் போயிருந்தேன். எஞ்சினை இயக்கச் சொல்லிவிட்டு, பெரியவர் ஒரு நனைந்த சாக்கை மடித்துப் புகைக்குழாயின் வாயிற் சில கணங்கள் அழுத்திப் பிடித்தார்; காதை வண்டியின் வயிற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார். "டிக், டிக்" என்று ஒரு மெல்லிய ஓசை. கூடவே மூச்சு விடுவதுபோல ஒரு சீறல். பேரன் படுத்துப்போய் விளக்கு அடித்துப் பார்த்தான். கொன்வேட்டருக்கும் பின் சென்சருக்கும் இடையே குழாய் பொருத்தில் ஒரு கஸ்கெற் உக்கிப் போயிருந்தது. இரண்டு ஆணிகளும் துருவேறித் தளர்ந்திருந்தன. பொருத்தைச் சுற்றிக் கரிக்கோடு ஒன்று படிந்திருந்தது.

இவ்வளவு சிறிய ஓட்டை கணினியை ஏமாற்றுவது எப்படி? எஞ்சினிலிருந்து புகை ஒரே சீராக ஓடிவருவதில்லை. துடிப்புத் துடிப்பாக வருகின்றது. ஒவ்வொரு துடிப்பின்போதும் ஓட்டையாற் புகை வெளியே கக்கப்படும். இரு துடிப்புகளுக்கு இடையே குழாயில் அழுத்தம் தாழும்போது வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். அக்காற்றிலுள்ள ஒட்சிசனைப் பின் சென்சர் காண்கின்றது. அமைதியாயிருந்த கோட்டில் அலை அடிக்கின்றது. ஊக்கி இறந்தது என்று கணினி நினைக்கின்றது. அது பொய் சொல்லவில்லை; கண்டதைச் சொல்லிற்று.

கஸ்கெற்றுக்கும் ஆணிகளுக்கும் கூலிக்குமாகக் கொடுத்த பணம், கட்டுநாயக்காவுக்கு ஒருமுறை போய்வந்தால் மிஞ்சுவதிலும் குறைவு. ஸ்கானரால் அக்குறியீட்டை அழித்துவிடட்டுமா என்று பேரன் கேட்டான். "அழியாதை. தானாய் அணையட்டும், அப்பத்தான் உண்மை தெரியும்" என்றார் பெரியவர். இவ்விளக்குக்கு ஒரு நீதிமுறை இருக்கின்றது. பெரும்பாலான பழுதுகளை ஒருமுறை கண்டவுடன் அது எரிந்துவிடாது. அடுத்த ஓட்டத்திலும் கண்டால்தான் எரியும். அவ்வாறே, அடுத்தடுத்து மூன்று ஓட்டங்களிற் சோதித்துப் பழுது இல்லையெனக் கண்டபின் தானாகவே அணையும். கொன்வேட்டரைச் சோதிக்கக் கணினிக்குச் சீரான வேகத்திற் சிறிது நேர ஓட்டம் வேண்டும். ஊருக்குள் முட்டி மோதித் திரிந்தால் அது வாய்ப்பதில்லை. மருமகன் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் போய்வந்தான். முதல் நாளும் எரிந்தது. இரண்டாம் நாளும் எரிந்தது. தமக்கை என்னைப் பார்த்த பார்வையில், "உன் பேச்சைக் கேட்டு…" என்ற சொற்கள் இருந்தன. நான்காம் நாட் காலை விளக்கு எரியவில்லை. பேரன் ஸ்கானரைக் கொளுவிக் காட்டினான். பின் சென்சரின் கோடு அடங்கியிருந்தது. முற்றாக அன்று. "கொன்வேட்டரும் குமரன் இல்லைத் தம்பி. இன்னும் கொஞ்சக் காலம் ஓடும், அதுக்குள்ளை காசைச் சேர்த்து வை" என்றார் பெரியவர்.

0420 வந்த வண்டிகள் எல்லாவற்றிலும் குற்றம் கஸ்கெற்றிலேயே இருக்கும் என்று எவரும் கொள்ளவேண்டாம். கொன்வேட்டர் மெய்யாகவே இறந்திருப்பதும் உண்டு. இறந்திருந்தால் அதைக் கொன்றது எது என்று கேட்கவேண்டும். எஞ்சின் எண்ணெய் குடிக்கின்றதா? ஏதேனுமொரு சிலிண்டர் எரியாமல் பெற்றோலைக் கக்குகின்றதா? கேளாமற் புதியதைப் பூட்டினால் அதுவும் முன்னதன் வழியே போகும். மற்றைய குறியீடுகளும் இத்தன்மையனவே. காற்று மிகுந்தது என்று வந்தால், வெடித்த ஒரு ரப்பர்க் குழாய், அழுக்கேறிய காற்றளவி, வலுவிழந்த பெற்றோல் பம்பு ஆகிய மூன்றில் எதுவும் காரணமாகலாம். சிலிண்டர் எரியவில்லை என்றால் பிளக், கொயில் ஆகியவற்றை முதலிற் பார்ப்பர். முதலாம் சிலிண்டரின் கொயிலை மூன்றாவதற்கு மாற்றிப் பூட்டினால் குறியீடும் 0303 என்று மாறுகின்றதா என்று பார்ப்பது செலவில்லாத நல்ல சோதனை. பெற்றோல் தாங்கியின் மூடியை இறுக்கினாற் போதும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது பெரும்பாலும் அமெரிக்கச் சட்டத்துக்காகச் செய்த வண்டிகளுக்குப் பொருந்துவது. அவை தாங்கியிலிருந்து ஆவி கசிகின்றதா என்றும் சோதிப்பவை. நம் வீதிகளில் ஓடும் வண்டிகள் பலவற்றில் அச்சோதனையே இல்லை. மூடியை இறுக்குவதால் நட்டம் ஒன்றுமில்லை. அதோடு கடமை முடிந்தது என்று எண்ணுவதே நட்டம்.

ஒன்றை மாத்திரம் எவரும் ஆறப்போடலாகாது. இவ்விளக்கு நிலையாக எரியாமல் மின்னி மின்னி எரிந்தால், அப்போதே சிலிண்டரில் எரியாத பெற்றோல் கொன்வேட்டருக்குட் சென்று எரிந்துகொண்டிருக்கின்றது என்று அறியவேண்டும். மட்பாண்ட உட்கூடு உருகி அடைபடும் அளவுக்குச் சூடு ஏறக்கூடும். காய்ந்த புல்லின்மேல் அத்தகைய வண்டியை நிறுத்தினாற் புல்லும் தீப்பற்றலாம். காலைத் தளர்த்தி, வேகத்தைக் குறைத்து, தகுந்த இடங் கண்டு நிறுத்துவதே அறிவு. நிலையாக எரியும் விளக்குக்கு இந்த அவசரம் இல்லை. வண்டி நடுங்காமலும் வலு இழக்காமலும் சிவப்பு விளக்கு எதுவும் எரியாமலும் இருந்தால் வீடு வந்து சேரலாம். ஒருசில நாளிற் காட்டவும் வேண்டும்.

காட்டாமல் அழிப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்று ஸ்கானர் மலிந்துவிட்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் விளக்கு அணைந்துவிடும். பழுது அணைவதில்லை. பழுது நேர்ந்த கணத்தில் எஞ்சின் எந்தச் சூட்டில், எந்த வேகத்தில் இருந்தது என்று கணினி குறித்து வைத்த விபரங்களும் அதோடு அழிந்துபோகின்றன. திருத்த வருபவருக்கு அவை கிடையாத சாட்சியம். நம் நாட்டில் 2008 முதல் வருடாந்தம் வண்டிகளின் புகையைச் சோதித்துச் சான்றிதழ் பெறவேண்டியிருக்கின்றது. பெற்றோல் வண்டிகளில் குழாய் வாயிலுள்ள காபனோரொட்சைட்டையும் ஐதரோக்காபனையும் அளக்கின்றார்கள். அழித்துவிட்டு அங்கே போனாலும் குழாய் தன் உண்மையைக் கக்கிவிடும்.

பழைய வண்டி வாங்குவோர் இவ்விடயத்தில் விழிப்பாயிருத்தல் வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளும் இருந்த வண்டிகளே கை மாறிக் கை மாறி ஓடின. பொன்விலை கொடுத்து வாங்குமுன் செய்யக்கூடிய ஓர் எளிய சோதனை உண்டு. எஞ்சினை இயக்காமல் சாவியை ஓட்ட நிலைவரை திருப்புங்கள். பொத்தான் வண்டியாயின் பிரேக்கை மிதியாமற் பொத்தானை இருமுறை அழுத்துங்கள். எஞ்சின் விளக்கும் மற்றைய எச்சரிக்கை விளக்குகளும் எரியவேண்டும். எஞ்சின் இயங்கியதும் அவை அணையவேண்டும்.

சென்ற மாதம் எங்கள் அயலவர் ஒருவர் வண்டி பார்க்கப் போனபோது என்னையும் அழைத்துச் சென்றார். வண்டி மினுமினுவென்று இருந்தது. விற்பவர் தேநீர் கொடுத்து உபசரித்தார். அயலவர் ஏறியிருந்து சாவியைத் திருப்பினார். எண்ணெய் விளக்கு எரிந்தது. பற்றறி விளக்கு எரிந்தது. எஞ்சின் விளக்கு மட்டும் எரியவில்லை. "பாத்தீங்களா, எஞ்சினிலை ஒரு குறையும் இல்லை!" என்றார் விற்பவர்.

அயலவர் என்னைப் பார்த்தார். தேநீரைக் குடித்து முடித்து, நன்றி கூறிவிட்டு, இருவரும் பஸ்ஸில் வீடு திரும்பினோம்.